நெடி அறியும் வாசல்

எங்கள் அத்தை வெள்ளரிக்காய்ப் பச்சடிக்குக் கடுகைப் பச்சையாகத்தான் அரைப்பார். அம்மியின் ஓரத்தில் தேங்காய்த் துருவலும் இரண்டு பச்சைமிளகாயும் ஒதுங்கியிருக்கும். ஒரு சிட்டிகைக் கடுகை நடுவில் போட்டு, கைவிரலால் நாலு சொட்டு நீர் தெளித்து, குழவியைச் சாய்த்து ஓர் இழுப்பு. பக்கத்தில் குந்தியிருக்கும் எனக்குக் கண்ணில் நீர் கட்டிக்கொள்ளும். மூக்குத்தண்டின் உச்சியில் யாரோ ஊசி ஏற்றியது போலிருக்கும். "தள்ளி உட்காருடா, நெடி ஏறும்னு சொன்னேன்ல" என்று சிரிப்பார் அத்தை. அவர் கண்ணிலும் நீர்தான்.

அதே கடுகு எண்ணெயில் படபடவென்று வெடித்துச் சாம்பாரில் மிதக்கும்போது பரம சாதுவாகிவிடுகிறது. ஏன் என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. கடுகு மணிக்குள் சினிக்ரின் என்ற சத்து ஓர் அறையிலும், மைரோசினேஸ் என்ற நொதி வேறோர் அறையிலும் அடைபட்டிருக்கின்றன. இரண்டும் சேராதவரை காரமே கிடையாது. குழவி சுவரை உடைக்கிறது, நீர் இரண்டையும் கலக்கிறது, அந்தக் கணத்தில் அல்லைல் ஐசோதயோசயனேட் என்ற ஆவி பிறக்கிறது. கடித்த பூச்சியை விரட்டச் செடி வைத்திருக்கும் ஆயுதம் அது. காய்ந்த எண்ணெயில் போட்டால் நொதி முதலில் வெந்துவிடும். பிறகு ஆயுதத்தைச் செய்ய ஆளில்லை.

அந்த ஆவி நம் உடம்பில் எந்தக் கதவைத் தட்டுகிறது என்று படித்துக்கொண்டே போனவன், பல வருடம் கழித்து, கொஞ்சமும் எதிர்பாராமல் ஒரு புற்றுநோய்க் கட்டியின் நடுவில் போய் நின்றேன். அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

நம் ஒவ்வொரு செல்லையும் ஒரு கொழுப்புச் சவ்வு சூழ்ந்திருக்கிறது. கனம் சுமார் 5 நானோமீட்டர். ஒரு தலைமுடியின் தடிமனைப் பத்தாயிரம் கூறு போட்டால் கிடைக்கும் ஒரு கூறைவிடவும் மெல்லியது. அதன் உள்ளுக்கும் வெளிக்கும் இடையே ஒரு மின்னழுத்த வேறுபாடு எப்போதும் இருக்கிறது. நரம்புச் செல்லில் ஏறக்குறைய 70 மில்லிவோல்ட். டார்ச் லைட் பேட்டரியின் ஒன்றரை வோல்ட்டோடு ஒப்பிட்டால் சிரிப்பு வரும். சிரிக்குமுன் அந்த 5 நானோமீட்டரை நினைத்துக்கொள்ள வேண்டும். அவ்வளவு குறுகலான இடத்தில் அந்த வேறுபாடு என்றால், மீட்டர் கணக்கில் 1 கோடி வோல்ட்டைத் தாண்டுகிறது. மீட்டருக்கு 30 லட்சம் வோல்ட் ஏறினாலே காற்று தாங்காமல் கிழிந்து பொறி பறக்கும். காற்றைக் கிழிக்கும் விசையை ஒரு கொழுப்பு ஏடு தாங்கி நிற்கிறது. நாம் அதன் மேல் உட்கார்ந்து காபி குடிக்கிறோம்.

கால்சியத்தின் கணக்கு இன்னும் வியப்பானது. செல்லுக்கு வெளியே இருக்கும் கால்சியம் அயனிகளின் செறிவு, உள்ளே இருப்பதைப் போல ஏறக்குறைய 10,000 மடங்கு. எலும்பில் கால்சியம் கல். செல்லுக்குள் அது செய்தி. வீட்டில் யாருமே பேசாமல் இருந்தால்தானே ஒரு முணுமுணுப்பும் காதில் விழும்? அதற்காகச் செல் ராப்பகலாகப் பம்புகளை ஓட்டி, உள்ளே நுழைந்த கால்சியத்தை வெளியே இறைத்துக்கொண்டே இருக்கிறது. ஒரு வாசல் ஒரு நொடி திறந்தாலும் போதும், செய்தி செல் முழுக்கப் பரவிவிடும்.

அந்த வாசல்களை அயனிக் கால்வாய்கள் என்கின்றன பாடநூல்கள். கால்வாய் என்றால் எப்போதும் தண்ணீர் ஓடும் இடம் என்று தோன்றிவிடுகிறது; மதகு என்று பெயர் வைத்திருந்தால் இன்னும் பொருந்தியிருக்கும். சவ்வைத் துளைத்து நிற்கும் புரத மதகுகள் இவை. மனித மரபணுத் தொகுதியில் இவற்றுக்கென்று நானூறு அளவில் மரபணுக்கள் உண்டு. பொட்டாசியத்துக்கான மதகை எடுத்துக்கொள்ளுங்கள். நொடிக்குக் கோடிக்கணக்கான பொட்டாசியம் அயனிகளை விடும். அவற்றைவிடச் சிறிய சோடியத்தையோ பத்தாயிரத்தில் ஒன்று என்ற அளவில்கூட விடாது. பெரியதை விட்டுச் சிறியதைத் தடுக்கும் சல்லடையை யார் பார்த்திருக்கிறார்கள்? 1998-இல் ராடெரிக் மெக்கின்னன் அதன் உருவத்தை அணு அணுவாகப் படம்பிடித்துக் காட்டிய பிறகுதான் சூட்சுமம் புரிந்தது. 2003-இல் அவருக்கு நோபல் கிடைத்தது. அதற்கு வெகு முன்பே, 1976-இல், ஜெர்மனியில் எர்வின் நேயரும் பெர்ட் சாக்மனும் கண்ணாடி நுண்குழாயின் முனையைச் செல்லின் தோலில் ஒட்டவைத்து, ஒற்றை மதகு திறந்து மூடுவதை மின்னோட்டமாகப் பதிவு செய்திருந்தார்கள். காகிதத்தில் ஒரு கோடு படியேறுகிறது, படியிறங்குகிறது. ஒரே ஒரு மூலக்கூறு கண் சிமிட்டுவதை மனிதன் கண்டது அப்போதுதான்.

கடுகு நெடி தட்டும் மதகின் பெயர் ட்ரிப்-ஏ1. டி.ஆர்.பி. என்றால் நமக்குத் தொலைக்காட்சித் தொடர்தான் நினைவுக்கு வரும், இது வேறு. வெளிச்சத்தில் சிறிது நேரத்திலேயே பார்வை மங்கிப்போகும் ஒரு பழ ஈயை ஆராய்ந்ததில் பிறந்த பெயர். வலி உணரும் நரம்புகளின் நுனியில் இந்த மதகு உட்கார்ந்திருக்கிறது. வெங்காயம் நறுக்கினால், பூண்டைப் பச்சையாகக் கடித்தால், ஈரவிறகு புகைந்து அக்ரோலின் கிளம்பினால், எல்லாம் வந்து தட்டுவது இதே கதவைத்தான். மிளகாய்க்கு வேறு கதவு.

மூலக்கூறுக்கு மூக்கு கிடையாது. பின் எப்படித் தெரிகிறது என்ற இடத்தில்தான் நான் வெகுநேரம் நின்றுவிட்டேன். ட்ரிப்-ஏ1 நான்கு ஒரே மாதிரித் துண்டுகள் கூடி நிற்கும் தூண். அதன் பெரும்பகுதி சவ்வுக்குக் கீழே, செல்லுக்குள் தொங்குகிறது. அங்கே ஆங்க்கிரின் என்ற வளையங்கள் வில்சுருள் போல அடுக்கடுக்காக இருக்கின்றன. நங்கூரத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர். சவ்வை ஒட்டிய பகுதியில் சிஸ்டீன் என்ற அமினோ அமிலங்கள் சில. சிஸ்டீனின் நுனியில் ஒரு கந்தக அணு. முடி பொசுங்கினால் ஒரு நாற்றம் வருமே, அந்தக் கந்தகம்தான்.

மற்ற உணர்விகள் பெரும்பாலும் பூட்டும் சாவியும் போல வேலை செய்பவை. வடிவம் பொருந்தினால் திறக்கும். இந்த மதகு வடிவத்தைப் பார்ப்பதில்லை. கடுகின் ஆவியும் விறகுப் புகையும் இலவங்கப்பட்டையின் காரமும் உருவத்தில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை. ஆனால் கந்தகத்தைக் கண்டால் பாய்ந்து பற்றிக்கொள்ளும் குணம் எல்லாவற்றுக்கும் பொது. மதகு அறிவது அந்தக் குணத்தை. வருகிறவன் யார் என்று கேட்பதில்லை. கையில் அருவாள் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறது. அதையும் தன் கையையே நீட்டி, வெட்டுப்பட்டுத்தான் தெரிந்துகொள்கிறது. 621-ஆம் இடத்துச் சிஸ்டீன் முதலில் தாக்கப்படுகிறது. அதனால் அருகிலுள்ள ஒரு வளைவு புரண்டு, 665-ஆம் இடத்துச் சிஸ்டீனையும் தாக்குதலுக்குக் கொண்டுவந்து நிறுத்துகிறது. பிறகு தூணின் நடுத்துளை அகல்கிறது. 2020-இல் இதை மின்னணு நுண்ணோக்கிப் படங்களாகவே காட்டிவிட்டார்கள்.

அரைக்கோடியோ ஒரு கோடியோ ஆண்டுப் பழக்கமல்ல இது. பழ ஈயிடமும் இருக்கிறது, தட்டைப்புழுவிடமும் இருக்கிறது. ஏறக்குறைய 50 கோடி ஆண்டுகளாக இந்த வேதியியல் காவல் மாறாமல் வந்திருப்பதாகக் கணிக்கிறார்கள். கிலுகிலுப்பைப் பாம்பு இதே மதகைக் கொஞ்சம் திருத்தி, இருட்டில் எலியின் உடற்சூட்டைப் பார்க்கும் கருவியாக வைத்துக்கொண்டிருக்கிறது. படைத்தவன் ஒரு நல்ல கதவைச் செய்துவிட்டால் லேசில் தூக்கிப் போடுவதில்லை போலும்.

இனி உள்ளே எரியும் தீயைப் பார்க்க வேண்டும்.

சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து முட்டி சிராய்த்தால், மருந்துக்கடை பாட்டிலிலிருந்து ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றுவார்கள். புண் மேல் வெள்ளை நுரை பொங்கும். கிருமி சாகிறது என்பார் கம்பவுண்டர். உண்மையில் அந்த நுரை ஆக்சிஜன். நம் திசுவிலும் ரத்தத்திலும் இருக்கும் கேட்டலேஸ் என்ற நொதி பெராக்சைடைப் பிளந்து தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் ஆக்குகிறது. ஒரு கேட்டலேஸ் மூலக்கூறு நொடிக்கு லட்சக்கணக்கில் பெராக்சைடை முடித்துவிடும். இத்தனை வேகமான நொதியை உடம்பு ஏன் கையிருப்பில் வைத்திருக்கிறது? மருந்துக்கடைக்காரர் வருவார் என்றா? பெராக்சைடு நம் உள்ளேயே ஓயாமல் உற்பத்தியாகிறது என்பதால்தான். மைட்டோகாண்ட்ரியாவில் ஆக்சிஜன் எரியும்போது சில எலெக்ட்ரான்கள் நழுவிச் சூப்பராக்சைடு ஆகின்றன. அதைப் பெராக்சைடாக்கும் நொதியை 1969-இல் மெக்கார்டும் ஃப்ரிடோவிச்சும் கண்டுபிடித்தார்கள். ஆக்சிஜன் உயிர் தருவது மட்டுமல்ல, இரும்பைத் துருவாக்குவதும் அதுதான். துருப்பிடிக்கும் வேகம் துடைக்கும் வேகத்தை மிஞ்சினால் அதற்குப் பெயர் ஆக்சிஜனேற்ற நெருக்கடி. கொழுப்பு சிதைகிறது, டி.என்.ஏ. அடிபடுகிறது, புரதங்களின் கந்தகம் கருகுகிறது.

கந்தகம் என்றதும் ட்ரிப்-ஏ1 நினைவுக்கு வந்திருக்கும். கடுகு ஆவி செய்வதைப் பெராக்சைடும் செய்யும்; அதே சிஸ்டீன்களைத் தாக்கி அதே மதகைத் திறக்கும்.

புற்றுநோய்ச் செல்களில் இந்தத் தீ எப்போதுமே கொஞ்சம் உயர்ந்து எரிகிறது. மனிதக் கட்டிகளிலிருந்து எடுத்த செல்கள் ஏராளமாகப் பெராக்சைடு உற்பத்தி செய்வதை 1991-லேயே சோதனைக்கூடத்தில் அளந்து காட்டியிருக்கிறார்கள். தலைதெறிக்க வளரும் செல்லுக்கு எரிபொருள் மிகுதி, கசிவும் மிகுதி. அதன் மேல் கீமோ மருந்துகள் பலவும் தீயை இன்னும் தூண்டிவிடுபவை. அப்படியானால் இந்தச் செல்கள் தங்கள் வெப்பத்தில் தாங்களே வெந்துபோக வேண்டும். ஏன் போவதில்லை?

விடையின் ஒரு துண்டு மார்பகத்தின் பால் நாளத்தில் இருக்கிறது. பால் ஓட நாளத்துக்கு நடுவில் வெற்றிடம் வேண்டும். அதை உடம்பு குடைந்து செய்வதில்லை. வெளிச்சுவரோடு ஒட்டியிருக்கும் செல்கள் பிழைக்கின்றன. நடுவில் ஒட்டிடம் இல்லாமல் மிதக்கும் செல்கள் தாமாகவே மடிந்து வழிவிடுகின்றன. ஒட்டிடம் இழந்த செல்லின் இந்தச் சாவுக்கு 1994-இல் அனாய்கிஸ் என்று பெயரிட்டார்கள். வீடற்றுப்போதல் என்று அந்தக் கிரேக்கச் சொல்லுக்குப் பொருள். வீடில்லாத செல் சாகச் சம்மதிக்கிறது. குழந்தைக்குப் பால் வரும் வழி அந்தச் சம்மதத்தில் திறந்தது. இதைப் படித்த அன்று புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்சநேரம் சும்மா இருந்தேன்.

ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் ஜோன் புரூகின் ஆய்வகம் இந்த வெற்றிடத்தைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவந்தது. ஒட்டிடம் இழந்த செல்லுக்குள் ஆக்சிஜனேற்ற நெருக்கடி ஏறுவதை அவர்கள் ஏற்கெனவே கண்டிருந்தார்கள். ஆனால் புற்றுநோயில் அந்த வெற்றிடம் நிரம்பிவிடுகிறது. நடுவில் வீடற்ற செல்கள் சாகாமல் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. அந்த ஆய்வகத்துக்கு ஜப்பானிலிருந்து வந்து சேர்ந்த நோபுவாகி தகஹாஷி ஒரு விநோதமான கேள்வியை எழுப்பினார். பெராக்சைடை முகர்ந்தறியும் நரம்பு மதகு ஒன்று, நரம்பே அல்லாத புற்றுநோய்ச் செல்லில் இருந்தால் என்ன ஆகும்?

இருந்தது. 2018-இல் கேன்சர் செல் இதழில் அவர்கள் வெளியிட்ட ஆய்வின்படி, மார்பக, நுரையீரல் புற்றுநோய்கள் உள்ளிட்ட பல கட்டிகளில் ட்ரிப்-ஏ1 அளவுக்கு மீறி உற்பத்தியாகியிருக்கிறது. கட்டிக்குள் பெராக்சைடு பெருகுகிறது, மதகு திறக்கிறது, கால்சியம் உள்ளே பாய்கிறது. நரம்பில் அதே கால்சியத்துக்கு "ஐயோ, எரியுது" என்று பொருள். கட்டிச் செல்லிலோ "சாகாதே" என்று பொருள். கால்சியம் ஒரு நொதிச் சங்கிலியை எழுப்ப, அதன் கடைக்கண்ணியில் எம்.சி.எல்.1 என்ற, செல் தற்கொலையைத் தடுக்கும் புரதம் நிலைபெறுகிறது.

இதில் ஒரு நுட்பம். ட்ரிப்-ஏ1 தீயை அணைப்பதில்லை. பெராக்சைடு இருந்தபடியே இருக்கிறது. செல் மட்டும் அதைத் தாங்கப் பழகிவிடுகிறது. தீயை அணைக்கும் நொதிகளுக்கெல்லாம் தளபதி போன்றது என்.ஆர்.எஃப்.2 என்ற வேறொரு புரதம். ட்ரிப்-ஏ1-ஐ உற்பத்தி செய்யச் சொல்வதும் அதே என்.ஆர்.எஃப்.2 தான் என்பதை அந்த ஆய்வு காட்டியது. அந்தத் தளபதியைக் கட்டிவைத்திருக்கும் கீப்1 என்ற காவலாளிக்கும் உணர்கொம்பு கந்தகம்தான். சிஸ்டீன் அடிபட்டால் பிடியை விடும். ஆக, வாசலில் ஒரு கந்தகம், அரண்மனைக்குள் ஒரு கந்தகம், இரண்டும் ஒரே தீயின் நெடியை அறிகின்றன. ஒன்று அணைக்கச் சொல்கிறது, மற்றொன்று பொறுக்கச் சொல்கிறது.

சோதனைத் தட்டில் உருண்டை உருண்டையாக வளர்த்த கட்டிகளில் அந்த மதகை அடைத்துப் பார்த்தார்கள். உருண்டையின் வெளி ஓரச் செல்கள் அப்படியே இருந்தன. நடுவில் நெருக்கியடித்து நின்ற வீடற்ற செல்கள் மடிந்து, உள்ளே மறுபடி வெற்றிடம் விழுந்தது. பால் நாளத்தின் பழைய வடிவம். எலிகளில் மதகை அடைத்தபோது கட்டியின் வளர்ச்சி தளர்ந்தது. கார்போபிளாட்டின் என்ற கீமோ மருந்து முன்னைவிட நன்றாகப் பிடித்தது. எலியில் நடந்தது என்பதை அடிக்கோடிட்டே சொல்கிறேன். எலியிலிருந்து மனுஷி வரை நெடுந்தூரம்.

ஒரு வேடிக்கையும் சொல்ல வேண்டும். இந்த மதகை உலகம் முதன்முதலில் அறிந்ததே புற்றுநோய் ஆராய்ச்சியில்தான். 1999-இல் சுவிட்சர்லாந்தில் ஓர் ஆய்வுக்குழு மனித இணைப்புத்திசுச் செல்களைப் புற்றுத்தன்மைக்கு மாற்றியபோது, காணாமல் போன ஒரு புரதத்தைக் குறித்து எழுதியது. அதுதான் பின்னாளில் ட்ரிப்-ஏ1. காணாமல் போனதாகப் பதிவானது, பத்தொன்பது ஆண்டு கழித்து வேறு கட்டிகளில் அளவு மீறி இருப்பதாகப் பதிவாகிறது. இணைப்புத்திசுக்கு ஒரு நியாயம், மார்பகத்துக்கு வேறு நியாயம். புற்றுநோய் என்று ஒருமையில் சொல்வதே நம் வசதிக்குத்தான்.

ஜப்பானிலேயே, ஒகசாகியில் யசுவோ மோரியின் குழு 2002-இல் ட்ரிப்-எம்2 என்ற உறவுக்கார மதகைப் பற்றி எழுதியிருந்தது. அதுவும் பெராக்சைடு ஏறினால் திறக்கும், அதுவும் கால்சியத்தைத்தான் உள்ளே விடும். ஆனால் அவர்கள் அந்த மதகைப் பொருத்திய செல்கள் எளிதாகச் செத்தன. அதே தீ, அதே வெள்ளம், எதிர்த்தீர்ப்பு. எவ்வளவு கால்சியம், எவ்வளவு நேரம், செல்லின் எந்த மூலையில் என்பதைப் பொறுத்துப் பொருள் மாறிவிடுகிறது. "வா" என்ற ஒரே சொல்லை அம்மாவும் சொல்கிறாள், காவல்துறையும் சொல்கிறது.

இதையெல்லாம் படைப்பின் அதிசயம் என்று எழுதக் கை வருமா என்ற தயக்கம் எனக்கு உண்டு. மயில்தோகை, தேன்கூடு, குருவியின் வலசை என்று எழுதுவது சுலபம். கட்டியைக் காக்கும் கதவை எப்படிக் கும்பிடுவது? தஞ்சைப் பெரிய கோயில் துவாரபாலகர் முன் நிற்கும்போது பார்த்திருப்பீர்கள். ஒரு கை, வாலாட்டாதே என்று விரலை நீட்டி எச்சரிக்கும். இன்னொரு கை, உள்ளே இருப்பதை எண்ணி வியந்து விரிந்திருக்கும். அந்த வியப்புக்கு விஸ்மய முத்திரை என்று பெயர். எச்சரிக்கை வேறு, வியப்பு வேறு என்று சிற்பி பிரித்து வைக்கவில்லை, ஒரே உடம்பில் செதுக்கிவிட்டான். கண்ணெரிச்சலும் கட்டியும் ஒரே மதகில் சந்திப்பதைப் பார்க்கும்போது என் நிலையும் அதுவாகத்தான் இருக்கிறது. அந்தக் கதவு கெட்டது அல்ல. 50 கோடி ஆண்டுகளாகச் செய்துவந்த வேலையைத்தான் செய்கிறது. தீ வருகிறது, திற, சொல். யாருடைய வீடு என்று பார்ப்பது அதன் வேலையில் சேர்த்தி இல்லை.

அத்தைக்குப் பெருங்குடலில் வந்தது. அறுவை முடிந்து ஆக்சாலிபிளாட்டின் என்ற கீமோ மருந்தை ஏற்றினார்கள். அவர் கட்டியில் ட்ரிப்-ஏ1 இருந்ததா என்று யாரும் பார்க்கவில்லை, பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் அந்த மதகை நான் வேறோர் இடத்தில் பார்த்தேன். முதல் பாட்டில் இறங்கியதும் நர்ஸ் சொன்ன புத்திமதி: "அம்மா, நாலு நாளைக்கு ஃப்ரிட்ஜைத் தொடாதீங்க. ஐஸ்வாட்டர் கூடாது. பல் தேய்க்கக்கூட வெந்நீர்தான்." அத்தை தலையாட்டிவிட்டு வந்து, மறுநாள் காலையில் மறதியாக எவர்சில்வர் சொம்பை எடுத்தார். சொம்பு உருண்டது. "கரண்ட்டு அடிச்ச மாதிரி இருக்குடா" என்று விரல்களைத் தொடையிடுக்கில் செருகிக்கொண்டார். மார்கழி கூட இல்லை அது; ஆவணி.

அந்த மருந்து கிளப்பும் ஆக்சிஜனேற்ற நெருக்கடி நரம்பு நுனியிலுள்ள ட்ரிப்-ஏ1-ஐக் கூர்மையாக்குகிறது என்பதை எலிகளில் காட்டியிருக்கிறார்கள். அந்த மதகு இல்லாத எலிகளுக்குக் குளிர் அப்படிக் குத்துவதில்லை. கட்டியை எரிக்க மூட்டிய தீ, விரல் நுனியில் இருந்த காவல்காரனையும் எழுப்பிவிட்டது. அத்தையிடம் இதைச் சொன்னேன். "அப்போ அவன் தூங்கலேன்னு அர்த்தம், நல்லதுதானே" என்றார். ஆறுதல் சொல்லப் போனவனுக்கு வாயடைத்துப் போயிற்று.

பார்க்க வந்த உறவுக்காரர்கள் ஆளுக்கொரு டப்பா கொண்டுவந்தார்கள். எல்லாவற்றிலும் ஆன்டி-ஆக்சிடன்ட் என்று கொட்டை எழுத்து. தீயை அணைக்கும் மாத்திரை நல்லதுதானே என்று யாருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியிருக்கும், ஃபின்லாந்து ஆய்வைப் படித்திராவிட்டால். புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரைச் சேர்த்து, அவர்களில் ஒரு பகுதியினருக்குப் பீட்டா கரோட்டின் மாத்திரை கொடுத்துப் பல ஆண்டு பார்த்தார்கள். 1994-இல் முடிவு வந்தது. மாத்திரை சாப்பிட்டவர்களில் நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு அதிகம். 2015-இல் டெக்சாஸில் ஷான் மாரிசனின் குழு எலிகளில் கண்டது இன்னும் தெளிவு. தோல் புற்றான மெலனோமாவின் செல்கள் ரத்தத்தில் இறங்கிப் பரவ முயலும்போது, அவற்றில் பெரும்பாலானவற்றைக் கொல்வது ஆக்சிஜனேற்ற நெருக்கடிதான். ஆன்டி-ஆக்சிடன்ட் கொடுத்தால் அவை பிழைத்துப் பரவின. நமக்குக் கெடுதல் என்று எண்ணிய தீ, நாம் அறியாமல் நமக்காக எல்லையில் எரிந்துகொண்டிருக்கிறது. டப்பாக்களை அலமாரி உச்சியில் வைத்துவிட்டு டாக்டரைக் கேட்டேன். சாப்பாட்டில் வரும் காய் கனி போதும், மாத்திரை வேண்டாம் என்றார்.

சிகிச்சை முடிந்து ஐந்தாறு மாதத்தில் அத்தையின் விரல்கள் மெல்லத் தெளிந்தன. நுனியில் மட்டும் கொஞ்சம் மரமரப்பு தங்கிவிட்டது; பூத்தொடுக்க முடியவில்லை என்பதுதான் அவருக்குக் குறை. சித்திரையில் போயிருந்தேன். பிஞ்சு வெள்ளரிக்காய் வாங்கி வைத்திருந்தார். தயிரை மட்டும் காலையிலேயே ஃப்ரிட்ஜிலிருந்து வெளியே எடுத்துவைக்கச் சொல்லியிருந்தாராம், சில்லிப்பு போகட்டும் என்று. மிக்சி இருக்கிறதே என்றேன். கேட்கவில்லை. அம்மியைக் கழுவி, கடுகைப் போட்டு, நீர் தெளித்து, குழவியை நகர்த்தினார். முன்னைப் போல ஒரே இழுப்பில் வரவில்லை; மூன்று, நான்கு.

நான் தள்ளி உட்காரவில்லை. நெடி ஏறியது. கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. அத்தை புறங்கையால் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "வந்துடுத்தா?" என்று கேட்டார்.

"வந்துடுத்து அத்தை."

தேங்காயைத் தள்ளிக்கொண்டு மேலே அரைக்க ஆரம்பித்தார்.